மருந்தை விடுகிறவர் அருகில்

போதை மீட்பு வார்டு என்றால் குடியாலும் கஞ்சாவாலும் சீரழிந்தவர்கள் வந்து சேரும் இடம் என்றே பொதுஜனங்கள் எண்ணுகிறார்கள். தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியாகப் பணிபுரிந்து, என் உத்தியோக காலத்தின் பிற்பகுதி முழுவதையும் அந்த வார்டிலேயே கழித்து ஓய்வு பெற்ற எனக்கோ, அந்த நாட்களை நினைக்கும்போதெல்லாம் மனத்தில் முதலில் வந்து நிற்பவர்கள் வேறொரு கூட்டத்தார். மருத்துவர் ஒருவர் முறைப்படி எழுதிக் கொடுத்த சீட்டோடு கடைக்குப் போய் வலிக்கென்று வாங்கிய மாத்திரையை, அந்த வலி தணிந்து பல மாதங்கள் ஆன பின்னும் விட முடியாமல், விட முயன்ற போதெல்லாம் சரீரம் படுத்திய பாட்டைத் தாங்க மாட்டாமல், இறுதியில் உறவினர் யாருக்கும் தெரியாமல் எங்களிடம் வந்து, "இது வியாதியா, இல்லை என் கெட்ட புத்தியா, சொல்லுங்க சிஸ்டர்" என்று கேட்டவர்கள் அவர்கள்.

நாள் முழுவதும் ஸ்டீயரிங்கைப் பிடித்து முதுகுத் தண்டில் வட்டு விலகிய பேருந்து ஓட்டுநர், ஒற்றைத் தலைவலியோடு பள்ளிக்கூடம் போய் வந்த ஆசிரியை, அறுவைச் சிகிச்சைக்குப் பின் வந்த முதுகுவலியைச் சமையலறையில் நின்றபடியே சகித்த குடும்பப் பெண், சிறுநீரகக் கல் வலிக்குத் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொண்ட கம்பவுண்டர் என இவர்களில் எவரும் போதையைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். இவர்கள் தேடியது வலியில்லாத ஒரு பகற்பொழுதும் நித்திரை கூடும் ஓர் இரவுமே. அவற்றைக் கொடுத்த மருந்து பிறகு தன்னை விட்டு நீங்க ஒட்டாமல் இவர்களைப் பிடித்துக்கொண்டது.

அந்த மருந்துகள் யாவும் அபினியின் வம்சத்தைச் சேர்ந்தவை, அல்லது அபினியைப் போல் வேலை செய்யும்படி ரசாயனசாலையில் செய்யப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் செர்ட்டூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் அபினியிலிருந்து மார்பினைப் பிரித்தெடுத்த நாள் தொட்டு, வலியை மார்பினைப் போல் போக்க வேண்டும், ஆனால் மார்பினைப் போல் பழக்கம் உண்டாக்கக் கூடாது என்ற ஆசையில் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பென்டசோசின் அப்படி வந்தது. 1962-இல் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டு 1977-இல் அந்நாட்டுச் சந்தைக்கு வந்த டிரமடாலும் அப்படியே வந்தது. இவற்றால் பழக்கம் உண்டாகும் அபாயம் சொற்பம் என்றே வெகுகாலம் மருத்துவர்கள் நம்பினார்கள். நான் பணியில் இருந்த காலத்தில் மூட்டுவலிக்கும் மாதவிடாய் வலிக்கும் கைக்கு எளிதில் கிடைத்த டெக்ஸ்ட்ரோபுரோபாக்சிபீனை 2013-இல் மத்திய அரசு தடைசெய்தது. டிரமடாலை 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. அதன் பின் டபென்டடால் மாத்திரையின் பெயரை நாங்கள் அடிக்கடி கேட்கலானோம். சட்டம் ஒரு கதவை அடைக்க வல்லது. ஆயினும் முதல் நாள்வரை அந்த மருந்தின் பலத்தில் நடமாடிக்கொண்டிருந்தவர் மறுநாள் காலையில் என்ன ஆனார் என்பதைப் பார்க்கும் பொறுப்பு எங்களுடையதாக இருந்தது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பு, அபினி வகைப் பொருள்களை உபயோகிப்போர் நாட்டில் சுமார் 2.26 கோடிப் பேர் என்றும், மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர் மருந்துக்கடைச் சரக்காகிய வலிநிவாரணிகளை உபயோகிக்கிறார் என்றும் கூறுகிறது. அத்தனை பேரும் நோயாளிகள் அல்லர். ஆனால் வெளியே தெரியாமல் இருப்பவர் எத்தனை பேர் என்பதை ஊகிக்க அது போதும்.

மருந்தை நிறுத்தியதும் சரீரம் ஏன் அப்படிக் கொந்தளிக்கிறது என்பதை நோயாளிக்கு விளக்காமல் சிகிச்சையைத் தொடங்கலாகாது என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். அபினி வகை மருந்துகள் போய்ப் பற்றிக்கொள்வதற்குரிய இடங்கள் நம் மூளையில் இருக்கின்றன என்று 1973-இலும், அவ்விடங்களில் வேலை செய்யும் வலிநிவாரணியைச் சரீரம் தானே சுரந்துகொள்கிறது என்று 1975-இலும் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். வெளியிலிருந்து நாள்தோறும் மருந்து வரத் தொடங்கியதும், சரீரம் சமநிலை காக்கும்பொருட்டுத் தராசின் மறுதட்டில் தன் எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வருகிறது. மருந்து ஒரு நாள் சட்டென்று எடுக்கப்பட்டால், எடைக்கல் ஏறிய தட்டு தடாலென்று தரையில் வந்து மோதுகிறது. மருந்து எதையெல்லாம் அடக்கி வைத்திருந்ததோ அதெல்லாம் அப்போது மும்மடங்காகக் கிளம்பும். மருந்து குடலை மந்தப்படுத்தியிருந்தது, ஆகையால் வயிற்றுப்போக்கு. கண்மணியைச் சுருக்கியிருந்தது, ஆகையால் அது அகன்று வெளிச்சத்தில் கூசும். மூளைத்தண்டில் நோர் அட்ரினலின் சுரக்கும் ஒரு சிறு மையத்தை உறங்க வைத்திருந்தது, ஆகையால் அது விழித்தெழுந்து வியர்வையையும் படபடப்பையும் மயிர்க்கூச்சையும் கொண்டுவரும். இந்த விளக்கத்தைக் கேட்டதும் பலருடைய முகத்தில் ஒரு தெளிவு உண்டானதை நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன். தம் சுபாவத்தின் கேட்டினால் வந்த தண்டனை என்று எண்ணியிருந்தது, சரீரத்தின் கணக்குப் பிழையாத ஒரு காரியம் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

அவஸ்தைக்கு ஒரு கிரமம் உண்டு. சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் அடங்கும் மருந்தாக இருந்தால், கடைசி வேளையிலிருந்து எட்டு மணி நேரத்துக்கும் ஒரு நாளுக்கும் இடையில் அது தொடங்கும். முதலில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நிலைகொள்ளாமை. பிறகு கொட்டாவி, கண்ணில் நீர், மூக்கில் ஒழுக்கு. பிறகு குளிரும் வெக்கையும் மாறிமாறி வந்து, போர்வையை இழுத்துக்கொள்வதும் உதறுவதுமாக இரவு கழியும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உச்சம். "எலும்பெல்லாம் குடையுது சிஸ்டர்" என்பதுதான் அப்போது நான் அதிகம் கேட்ட வார்த்தை. கிராமத்துப் பெரியவர்கள், "கை கால் ஒளைச்சல் தாங்கல தாயி" என்பார்கள். வயிற்றைப் பிசையும், வாந்தி எடுக்கும், கால்கள் தாமாகத் துடிக்கும். ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் இவை படிப்படியாக ஓயும். ஓயாமல் நிற்பவை தூக்கமின்மையும், எதிலும் ருசியில்லாத மனச்சோர்வும். வாரக் கணக்கிலும் சிலருக்கு மாதக் கணக்கிலும் அவை நீளும். இந்த அட்டவணையை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். மூன்றாம் நாள் இரவு, "எனக்கு உடம்பு பூரணமாகச் சரியாகிவிட்டது, ஊருக்குப் போகணும்" என்று அவர் துணிப்பையைக் கட்டத் தொடங்குவார் என்பதையும் முதல் நாளே சொல்லி வைப்பேன். அந்த இரவு வந்ததும், "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று சிலர் தாமாகவே கேட்டுவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார்கள்.

இனி நான் எழுத வந்த காரியத்துக்கு வருகிறேன். இந்த அவஸ்தை நோயாளிக்கு நல்லது, அவர் நன்றாகப் பட்டால்தான் மறுபடி மாத்திரையைத் தொடமாட்டார் என்று கருதுகிற ஒரு கட்சி, வீடுகளில் மட்டுமன்று, மருத்துவமனைகளிலும் இருக்கிறது. "அனுபவிக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும்" என்று மகனைப் பற்றித் தகப்பனார் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். படித்துப் பட்டம் பெற்றவர்கள் நோயாளியின் காதுபடச் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். இதைப் போல் பொய்யான சித்தாந்தம் எங்கள் தொழிலில் வேறில்லை. அவஸ்தையினால் புத்தி வருவதாயின், மாத்திரை கிடைக்காத நாட்களில் பேருந்து நிலையத்து பெஞ்சுகளிலும் பூட்டிய அறைகளிலும் இதே அவஸ்தையைப் பலமுறை பட்டவர்களுக்கு எங்களிடம் வருவதற்கு முன்னரே புத்தி வந்திருக்க வேண்டும். அவஸ்தை கற்பிப்பது ஒன்றே ஒன்றைத்தான்: மருத்துவமனைக்குப் போனால் இப்படித்தான் இருக்கும் என்ற பயத்தை. அந்தப் பயம் பிடித்தவர் மறுமுறை தேவைப்படும்போது எங்கள் வாசலுக்கு வரமாட்டார், கடைக்குத்தான் போவார். மருந்து உண்டாக்கிய உபாதையை மருந்தாலும் உபசாரத்தாலும் தணிப்பதில் அவமானமோ சலுகையோ இல்லை. அறுவைச் சிகிச்சை செய்யும்போது மயக்க மருந்து கொடுப்பதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை.

தணிப்பதற்கு வழிகளும் உண்டு. இரத்த அழுத்தத்துக்கென்று வந்த குளோனிடின் என்ற மாத்திரை, மூளைத்தண்டில் கொந்தளிக்கும் அந்த மையத்தை அமர்த்தி இந்த அவஸ்தையைக் குறைக்கிறது என்பது 1978-இல் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது. அதைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வேளையும் இரத்த அழுத்தம் பார்ப்பதும், அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தால் அந்த வேளையை நிறுத்தி மருத்துவருக்குச் சொல்வதும், படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்றி விழாமல் கைகொடுப்பதும் செவிலியின் கடமை. கடுமையான பழக்கம் உள்ளவர்களுக்கு, நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரனார்பின் மாத்திரை பெரிதும் பயன் தரும். ஆனால் அதை அவசரப்பட்டுக் கொடுக்கலாகாது. பழைய மருந்து உடலில் நிறைந்திருக்கும்போதே கொடுத்தால், அது பழையதை அதன் இடத்திலிருந்து தள்ளிவிட்டு, மூன்று நாள் அவஸ்தை முழுவதையும் ஒரு மணி நேரத்துக்குள் வரவழைத்துவிடும். ஆகவே அவஸ்தை மத்திம நிலைக்கு ஏறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நிலையைக் கண்டறிய, வெஸ்ஸன், லிங் என்ற இரு மருத்துவர்களின் பெயரால் 2003-இல் வெளியான 11 குறிகள் கொண்ட ஓர் அளவுகோல் எங்களிடம் இருந்தது. நாடி, வியர்வை, கண்மணி, கொட்டாவி, நீட்டிய விரல்களின் நடுக்கம், தோலைத் தடவினால் தென்படும் மயிர்க்கூச்சு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டுவோம். காத்திருக்கும் அந்தச் சில மணி நேரமே நோயாளிக்கு மிகவும் கொடியது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டு, அருகில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் அவர் பொறுத்துக்கொள்வார். மேஜைக்குத் திரும்பிப் போய்விட்டால், தம்மை ஏமாற்றுகிறார்கள் என்று எண்ணிக்கொள்வார்.

மற்றவை சிறு காரியங்கள். ஆனால் இரவு நேரத்தில் அவையே பெரியவை. வயிற்றுப்போக்கும் வாந்தியும் வியர்வையும் சேர்ந்து உடலின் நீரை வற்றச் செய்வதால், ஓ.ஆர்.எஸ். கரைசலையும் உப்பிட்ட கஞ்சியையும் நீர்மோரையும் ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லாமல் வாய்வாயாகக் கொடுக்க வேண்டும். அதுவும் தங்காவிட்டால் மருத்துவரைக் கேட்டுக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். துடிக்கும் கால்களுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. அதைவிட நல்லது எழுந்து தாழ்வாரத்தில் நடப்பது. மாலைக்கு மேல் காபி கூடாது. நிலைகொள்ளாமல் புரளும் ஒருவரைத் தூக்க மாத்திரையால் அடித்துப் போடலாம் என்ற எண்ணம் அனுபவமில்லாதவர்களுக்குத் தோன்றும். அபினி வகை மருந்தோடு தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தால் மூச்சு நின்றுபோகக் கூடும் என்பதை வார்டுக்குப் புதிதாக வரும் செவிலிகளுக்கு நான் முதல் பாடமாகச் சொல்வது வழக்கம்.

டிரமடாலுக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. அது அபினியின் வேலையோடு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகளின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ஆகவே அதை நிறுத்தும்போது வழக்கமான உபாதைகளோடு, சிலருக்குக் காரணமற்ற பீதியும், கைகால்களில் எறும்பு ஊரும் உணர்ச்சியும், குழப்பமும், இல்லாததைக் காண்பதும் உண்டாகும். அப்படிப்பட்டவரைப் பைத்தியம் என்று பயந்து கட்டிலோடு கட்டிவைத்துக் கொண்டுவந்த உறவினர்கள் உண்டு. அளவுக்கு மீறி அதை உட்கொண்டவர்களுக்கு, விடுவதற்கு முன்பே வலிப்பு வந்துவிடுவதும் உண்டு. நாளைக்கு 400 மில்லிகிராம் என்பது அதன் மேல் எல்லை. வலிப்பு வந்து கொண்டுவரப்பட்ட இளைஞர்களின் சட்டைப்பையில் காலி அட்டைகளை எண்ணினால் அந்த எல்லை எவ்வளவு தூரம் பின்தங்கிவிட்டது என்று தெரியும்.

இந்த வியாதியைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு சமயம் அறுவைச் சிகிச்சை வார்டில் ஆள் குறைவென்று என்னை இரவு டூட்டிக்கு அனுப்பியிருந்தார்கள். பித்தப்பைக் கல்லுக்காகச் சேர்க்கப்பட்டு, அறுவைக்குக் காத்திருந்த ஆசிரியை ஒருவர் அங்கே இருந்தார். ஜலதோஷம், அறுவையை நினைத்துப் பயம், இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்று அவருடைய நோட்டில் எழுதியிருந்தது. விளக்கை அணைத்த பின் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அவர் கொட்டாவி விடுவதைக் கவனித்தேன். தூக்கம் வராமல் தவிக்கிறவர், தூக்கம் வழிகிறவரைப் போல் தொடர்ந்து கொட்டாவி விடுவது எங்கள் வார்டில் நாங்கள் நன்கறிந்த அடையாளம். டார்ச்சு வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருந்தது; முழங்கையைத் தொட்டால் தோல் சிலிர்த்திருந்தது. பக்கத்தில் படுத்திருந்த அவருடைய நாத்தனாரை வெந்நீர் வாங்கிவர அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அம்மா, தலைவலிக்கோ வேறு வலிக்கோ வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரை எதையாவது இங்கே வந்த பிறகு நிறுத்தினீர்களா?" என்று கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம் சிஸ்டர்" என்றார். டிரமடாலும் பாரசிட்டமாலும் கலந்த மாத்திரை. ஒற்றைத் தலைவலிக்கென்று சில வருஷங்களுக்கு முன் எழுதிக் கொடுத்தது. நாளுக்கு ஒன்றாகத் தொடங்கி, பள்ளிக்கு ஒரு வேளை, வீட்டுக்கு ஒரு வேளை என்று ஏறியது. ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் வந்த அன்றே நிறுத்தியிருக்கிறார்.

அவருடைய சம்மதத்தின்மேல் பணி மருத்துவரிடம் மட்டும் சொன்னேன். அவர் விவேகமுள்ளவர். அறுவை நெருங்கும் சமயம் மருந்தை விடுவதற்குரிய சமயமன்று என்று சொல்லி, பழைய அளவையே கணக்காக எழுதிக் கொடுத்து, மயக்க மருந்து நிபுணருக்கும் தகவல் தெரிவித்து, பாரசிட்டமால் ஈரலைப் பாதித்திருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். காயம் ஆறிய பின் அந்த அம்மையார் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்து, மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். அவருடைய தலைவலியில் ஒரு பாகம் அந்த மாத்திரையாலேயே வந்தது என்பது பிறகு தெரிந்தது. அடிக்கடி உட்கொள்ளும் வலி மாத்திரையே தலைவலியைத் தோற்றுவிப்பது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். ஒரு செவிலி ஒரு கேள்வியைத் தனிமையில், குற்றம் சாட்டும் தொனியில்லாமல் கேட்பதால் எவ்வளவு காரியம் நடக்கிறது என்பதற்காகவே இதை விரித்துச் சொன்னேன். அதே கேள்வியை உறவினர்கள் சூழ உரத்த குரலில் கேட்டிருந்தால், இல்லை என்ற பதில் வந்திருக்கும். அதோடு கதை முடிந்திருக்கும்.

எல்லோரும் வார்டில் படுக்க வேண்டியதில்லை. மருத்துவர் சொன்ன அளவைப் பெரிதும் மீறாமல், வீட்டில் பொறுப்பான துணையும் உள்ளவர்களுக்கு, படிப்படியாகக் குறைப்பதே உத்தமமான மார்க்கம். பேருந்து ஓட்டுநர் ஒருவர் 50 மில்லிகிராம் டிரமடால் காப்ஸ்யூல் நாளுக்கு எட்டு சாப்பிட்டு வந்தார். வைராக்கியத்தோடு தாமாகவே ஒரே நாளில் நிறுத்தி, மூன்றாம் நாள் தாங்க மாட்டாமல் முன்னிலும் அதிகமாகச் சாப்பிட்டவர். மருத்துவர் அவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு காப்ஸ்யூல் வீதம் குறைக்கத் திட்டம் போட்டார். அதுவரை ஸ்டீயரிங்கைத் தொடாமல் பணிமனையில் வேலை பார்க்கும்படி சான்றிதழ் கொடுத்தார். வலிக்கும்போது சாப்பிடுவது என்ற வழக்கத்தை மாற்றி, கடிகாரம் பார்த்து வேளைக்கு வேளை சாப்பிடும்படி நான் பழக்கினேன். வலியையும் மாத்திரையையும் பிணைத்த முடிச்சை முதலில் அவிழ்ப்பது அதுதான். காப்ஸ்யூல்கள் மனைவியின் பெட்டியில் இருந்தன. அவர் வேளைக்கு ஒன்று எடுத்துக் கொடுத்து, பிள்ளையின் பழைய நோட்டில் குறித்துவந்தார். பகல் வேளைகளை முதலில் குறைத்து, இராத்திரி வேளையைக் கடைசிக்கு வைத்தோம். ஒரு படியில் உபாதை அதிகமானால் அதே படியில் இன்னும் இரண்டு வாரம் நிற்கலாம், ஆனால் மேலே ஏறக்கூடாது என்பது ஒப்பந்தம்.

இடையில் அவருடைய இடுப்புவலி பழையபடி, இல்லை, பழையதைவிட அதிகமாக எழுந்தது. "வட்டு இன்னும் விலகிடுச்சு, நான் ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்று ஓடிவந்தார். மருந்தை வெகுநாள் உட்கொண்டவரின் நரம்புகள் வலியைக் கூர்மையாக உணரும்படி ஆகிவிடுகின்றன. குறைக்கும்போது பழைய வலி சில நாள் பெருத்து எழுந்து பிறகு தணிவது வழக்கம். இதை அறியாதவர்கள், வியாதி முற்றிவிட்டதென்று முடிவுகட்டி, இறங்கிய படிகளையெல்லாம் ஏறிவிடுகிறார்கள். மருத்துவர் அவரைப் பரிசோதித்து, கால் மரத்துப்போதலோ பலவீனமோ இல்லையென்று உறுதி செய்துகொண்டு, பிசியோதெரபிப் பயிற்சியை அதிகப்படுத்தி, இரவுக்குக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் எழுதினார். பத்து நாளில் வலி இறங்கியது. இரண்டு காப்ஸ்யூல் நிலைக்கு வந்ததும், "ரெண்டுதானே சிஸ்டர், விட்டுடறேன்" என்று அவர் உற்சாகமாகச் சொன்னபோது, மருத்துவர் அதற்கு இசையவில்லை. எட்டிலிருந்து ஏழுக்கு இறங்குவது எட்டில் ஒரு பங்கு. இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்குவதோ சரிபாதி. கடைசிப் படிகளே உயரமானவை. அங்கேதான் நிதானம் வேண்டும். அமெரிக்காவில் வலிநிவாரணிகளுக்கு எதிராகக் கெடுபிடி வந்த காலத்தில் பல நோயாளிகளின் மருந்து திடீரென்று நிறுத்தப்பட்டு, சிலர் தற்கொலை வரை போனதால், அப்படிச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து என்று அந்நாட்டு மருந்து நிர்வாகமே 2019 ஏப்ரலில் எச்சரிக்கை விடுத்தது. ஓட்டுநரின் அவசரத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

கம்பவுண்டரின் கதை வேறுவிதம். மருந்து கையருகே இருப்பதாலும், ஊசி போடத் தெரிந்திருப்பதாலும், தனக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையாலும், எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களே பென்டசோசின் ஊசிக்கு அதிகம் இரையாகிறார்கள். அந்த ஊசி தொடர்ந்து போட்ட இடத்தில் தோலும் தசையும் இறுகிக் கெட்டித்து, ஆறாத புண்ணாகிவிடும். அவருடைய இரு தொடைகளிலும் புஜங்களிலும் விரல் அமுங்கும் இடமே இருக்கவில்லை. அவரைத் தாக்கிய வெட்கமோ உடல் உபாதையைவிடப் பெரிது. உடன் வேலை பார்த்தவர்கள் அறிந்தால் என்ன ஆகும் என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி. அவருக்கு ஒதுக்குப்புறமான படுக்கையைக் கொடுத்து, டிரஸ்ஸிங்கை நான் ஒருத்தியே செய்தேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த மருந்துகளே வேண்டாம் என்று சொல்ல வந்தேன் என யாரும் கருதிவிடலாகாது. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒருவருக்கு, பழக்கமாகிவிடும் என்று பயந்து மார்பினை மறுப்பது குரூரம். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் நடைமுறைச் சிக்கல்களால் நம் தேசத்தில் மார்பின் வெகுகாலம் அரிதாகிப்போயிற்று; 2014-இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னும் பல ஊர்களில் அது எளிதாகக் கிடைப்பதில்லை. வலிக்கென்று கிரமமாக உட்கொள்ளும் நோயாளியின் உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, மருந்தைத் தேடி வாழ்க்கையே சிதறுவது வேறு. அதே விவேகம் கர்ப்பிணிகள் விஷயத்திலும் வேண்டும்: அவர்கள் சட்டென்று நிறுத்தினால் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் நேரக்கூடும்; ஆகையால் நிபுணரின் மேற்பார்வையில் மாற்று மருந்தில் நிலைநிறுத்துவதே முறை.

வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் உறவினர்கள் பூவும் பழமுமாக வருவார்கள். எனக்கோ அன்றுதான் கவலை அதிகம். ஒரு வாரம், இரண்டு வாரம் மருந்தில்லாமல் இருந்த உடல், முன்பு தாங்கிய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. சோர்வோ சண்டையோ பழைய நண்பரோ தூண்ட, பழைய கணக்குப்படியே ஒருவர் சாப்பிட்டுவிட்டாலோ ஊசி ஏற்றிக்கொண்டாலோ, மூச்சு மெதுவாகி நின்றுவிடும். மருந்தை விடாமலே இருப்பவரைவிட, விட்டுவிட்டு வெளியே போனவர் அதிகமாக இறப்பது இப்படித்தான். இதை நோயாளியிடமும், அவர் சம்மதித்தால் வீட்டாரிடமும், ஒளிவுமறைவின்றிச் சொல்வேன்: எழுப்பினால் எழாமல், மூச்சு மிகவும் மந்தமாகி, உதடு நீலம் பாரித்தால், தூங்கட்டும் என்று விடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-க்குச் சொல்லுங்கள், அந்த மருந்தின் வேலையை முறிக்க நலாக்சோன் என்ற ஊசி இருக்கிறது. மனம் இருண்டு உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றும் இரவுக்கு 14416 என்ற அரசு மனநல எண்ணும், போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற எண்ணும் இப்போது இருக்கின்றன. நான் வேலையில் சேர்ந்த நாளில் இவை இல்லை.

வீட்டுக்குப் போனவர்களில் பலர் மறுபடியும் வந்தார்கள். அப்படி வந்தவரைப் பார்த்து, "திரும்ப வந்துட்டியா?" என்று வாசலிலேயே கேட்கும் வழக்கம் சில ஊழியர்களிடம் இருந்தது, அதை நிறுத்துவதற்கு நான் பட்ட பிரயாசை கொஞ்சமன்று. சர்க்கரை ஏறித் திரும்ப வரும் நீரிழிவு நோயாளியை அப்படி யாரும் கேட்பதில்லை. அந்தக் கம்பவுண்டரும் சில மாதங்களில் திரும்ப வந்தார். முதல் தடவை இங்கே இவ்வளவு பட்டேன் என்று சொல்லும்படி எதுவும் நேராததால்தான், ஊசி இரண்டாக ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டதாகச் சொன்னார். அவரைப் புப்ரனார்பினில் வைத்து, மாதா மாதம் புறநோயாளிப் பிரிவுக்கு வரச்செய்தோம். ஊசி மருந்தைத் தொட வேண்டாத ஒரு வேலைக்கு மாற்றம் கேட்டு மனுக் கொடுக்கச் சொன்னார் மருத்துவர். மனுவை எழுதுவதற்கு நான் உதவினேன். மாற்றல் கிடைத்தது. நான் ஓய்வு பெறும்வரை மாதச் சீட்டுக்கு அவர் தவறாமல் வந்துகொண்டிருந்தார்.